கொடுமுடி தந்த வெண்கலக் குரல்

காதல் டூயட் பாடாமல், கதாநாயகனோடு ஜோடி சேராமல் தமிழ்த் திரையில் முதல் வரிசையில் இடம் பிடித்த நடிகை யார் என்று கேட்டால், பெரியவர்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர் கே.பி.சுந்தராம்பாள். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சேலை, கணீரென்ற குரல். இந்தத் தோற்றம் ஒப்பனை அறையில் பிறந்ததல்ல. வாழ்க்கை அவருக்குக் கொடுத்தது.

ரயிலில் பாடிய சிறுமி

1908-ம் ஆண்டு காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார் சுந்தராம்பாள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பாலாம்பாள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல. வயிற்றுப் பிழைப்புக்காக ரயில் பெட்டிகளில் பாடிக் காசு வாங்கினாள் அந்தச் சிறுமி. அந்தக் குரலைக் கேட்ட நாடகப் பிரியர்கள் அவளை மேடைக்குக் கொண்டு வந்தார்கள். வேலு நாயர் நாடகக் கம்பெனியில் முதலில் சிறுவன் வேடம். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாகப் பாடி நடித்தபோது சபையே கண் கலங்கியது. பசியை அவள் யாரிடமும் பாடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை!

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். அந்தப் பயிற்சியில் உரம் ஏறியதுதான் அவரது வெண்கலக் குரல்.

கொழும்பில் கண்ட துணை

இலங்கை ரசிகர்களும் அவரைக் கொண்டாடினார்கள். 1926-ல் கொழும்பு நகரில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. கிட்டப்பா அப்போது நாடக மேடையின் முடிசூடா மன்னர். அவருக்கு ஈடுகொடுத்துப் பாட முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள், முதல் நாடகத்திலேயே வாயடைத்துப் போனார்கள். 1927-ல் இருவரும் மணந்துகொண்டனர். வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் இந்த ஜோடிக்காகக் கூட்டம் அலைமோதியது.

வீட்டுக்குள் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். மனத்தாங்கல்கள் வளர்ந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. உடல்நலம் கெட்ட கிட்டப்பா, 1933 டிசம்பர் 2-ல் 27-வது வயதில் காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசி வரை அவர் மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்துக்கொண்டார்.

ஒரு லட்சம் ரூபாய்

ஜோடி இல்லாத நடிகைக்கு யார் வேடம் தருவார்கள்? அவர் காலம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் தைரியம் சொல்லி அவரை மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தார்கள். பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள், கேட்டதும் ஓடிவிடட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். அவர்களோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! சவரன் விலை முப்பது ரூபாயைத் தொடாத காலம் அது. மூவாயிரம் சவரனுக்கு மேற்பட்ட அந்தத் தொகையின் கனம், தங்கத்துக்காகப் பாதாளம் வரை இறங்கிய கோலார் தங்கவயல் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும்.

1935-ல் வெளிவந்த அந்தப் படம் நந்தனார் கதை. ஆண் வேடத்தில், நந்தனாராகவே அவர் நடித்தார். சபதமும் காப்பாற்றப்பட்டது, பிழைப்புக்கும் வழி பிறந்தது. பண்ணையாரின் அனுமதிக்காகக் காத்துக் கிடந்த நந்தனாரின் தவிப்பு, வடஆற்காட்டு வயல்களை விட்டுச் சுரங்க வேலைக்கு வந்தவர்களுக்கு அன்னியமான கதையல்ல.

பாட்டியாகப் பவனி

1940-ல் மணிமேகலை. 1953-ல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் தயாரிப்பில் ஔவையார். இளமையைத் துறந்து முதுமையை வாங்கிக்கொண்ட ஔவையின் கதை, அவருக்கென்றே எழுதியது போல அமைந்தது. அதன் பிறகு ஔவை என்றாலே தமிழர் மனக்கண்ணில் சுந்தராம்பாளின் முகம்தான் வந்து நின்றது. 1965-ல் திருவிளையாடல், 1967-ல் கந்தன் கருணை என்று மீண்டும் மீண்டும் அந்தத் தடியை ஊன்றி அவர் திரையில் நடந்தார்.

காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாடல்கள் பாடியவர், 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். அப்படிப்பட்டவர், 1964-ல் தி.மு.க.வின் மு.கருணாநிதி வசனம் எழுதிய பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாக நடித்தார். கட்சி வேறு, கலை வேறு என்பதை அவரும் அறிந்திருந்தார், அழைத்தவர்களும் அறிந்திருந்தார்கள்.

அறுபது வயதைத் தாண்டியும் குரல் தளரவில்லை. 1969-ல் வந்த துணைவன் படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970-ல் பத்மஸ்ரீ. 1973-ல் காரைக்கால் அம்மையார் படத்திலும் அந்தக் குரல் முழங்கியது.

1980-ல் அவர் மறைந்தார். தங்கவயல் சுரங்கங்களும் 2001-ல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி புறப்படும் தமிழர் தெருக்களில், ஒலிபெருக்கியில் அந்தக் குரல் எழும்போது பெரியவர்கள் ஒரு கணம் நின்று கேட்கிறார்கள். இழந்ததை எண்ணி மூலையில் உட்கார்ந்துவிட 25 வயதிலேயே காரணம் இருந்தது அந்த அம்மையாருக்கு. அவர் உட்காரவில்லை. வெள்ளைச் சேலையோடு எழுந்து நின்று பாடினார்.