அறிவியல் மேதை சந்திரசேகர்

கண்மாய் மடையினின்று வாய்க்காலில் இறங்கும் நீர் மெல்லச் செல்லுங்கால் அமைதியாகவே செல்கின்றது. வேகம் மிகுந்தால் அலையும் சுழியும் தோன்றிக் கொந்தளிக்கின்றது. அமைதியான ஓட்டம் எவ்வளவில் நிலை குலைகின்றது? இவ்வகை வினாக்களுக்குக் கணித வழியில் விடை கண்ட பேரறிஞருள் ஒருவர் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார்.

இவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. அன்னையார் இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கியவர். தொடக்கக் கல்வியை வீட்டிலேயே பெற்று, பின்னர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1930இல் அரசு உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் செல்லக் கப்பலேறினார். அப்பயணத்திலேயே, முதிர்ந்து சுருங்கிய விண்மீனின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டெனக் கணித்தார். அவ்வரம்பு கதிரவன் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது பின்னர் உறுதியாயிற்று. 1935இல் இலண்டனில் கூடிய வானியலார் அவையில், புகழ் மிக்க எடிங்டன் இம்முடிபை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் தளரவில்லை.

1937இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி, வளாகத்தில் பாடம் நடத்தலாகாதென அதிகாரி ஒருவர் தடுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அத்தடையை ஏற்க மறுத்தார். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் கொடுமை கடல் கடந்தும் இருந்ததை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1950களில் அவர் நீர்மங்களின் நிலைத்தன்மையை ஆராய்ந்தார். ஓட்டத்தில் எழும் சிறு கலக்கம் தானே அடங்கினால் ஓட்டம் நிலையானது. வளர்ந்து பெருகினால் நிலையற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையைக் கணக்கிடுவதே அவர் பணி. அடியிலிருந்து சூடேறும் நீர்மம், சுழலும் உருளைகளுக்கு இடைப்பட்ட நீர்மம், வளைந்த வாய்க்காலில் ஓடும் நீர்மம் ஆகியவற்றை ஆராய்ந்து 1961இல் பெருநூல் வெளியிட்டார். காந்த விசை கலக்கத்தை அடக்கும் என்னும் அவர் கணிப்பு, சிக்காகோவில் பாதரசத்தைக் கொண்டு நடத்திய சோதனையில் மெய்ப்பட்டது.

எடிங்டன் நகைத்த 48 ஆண்டுகளுக்குப் பின், 1983இல், விண்மீன் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு அவரை அடைந்தது. 1995 ஆகஸ்டு 21இல் மறைந்தார்.

நூல்களும் கற்ற பெற்றோரும் நிறைந்த இல்லம் அவருக்கு வாய்த்தது. பட்டாசுச் சாலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் உழைக்கும் நம் பெற்றோர் பலரால் அத்தகைய இல்லத்தைத் தர இயலவில்லை. நம் பிள்ளைகளிடம் அறிவு உண்டு. அவ்வறிவு வளர்வதற்கான இல்லமாக நம் கல்விக் கழகம் விளங்க வேண்டும். படிப்பகமும் வழிகாட்டியும் இல்லையெனும் குறையால் அச்சங்குளத்தில் எந்தப் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடாதிருக்க, இவ்வெள்ளி விழா ஆண்டில் நாம் உறுதி பூணுவோமாக!