கோப்பெருஞ்சிங்கன்

கோப்பெருஞ்சிங்கன் 13ஆம் நூற்றாண்டில் நடுநாட்டை ஆண்ட காடவர் குல மன்னன் ஆவான். சோழருக்கு அடங்கிய சிற்றரசர் மரபில் தோன்றித் தனியரசு அமைத்தவன். கெடிலம் ஆற்றங்கரையிலுள்ள சேந்தமங்கலம் இவனது தலைநகரம். முன்னர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது.

குடும்பம்

காடவர்கள் தம்மைப் பல்லவர் வழியினர் எனக் கூறிக்கொண்டனர். சோழப் பேரரசில் அதிகாரிகளாகவும் சிற்றரசர்களாகவும் விளங்கி, ஆளப்பிறந்தான், கச்சிராயன் போன்ற பட்டங்களைப் பெற்றனர். ஆந்திரத்தின் திராட்சாராமக் கல்வெட்டு, கோப்பெருஞ்சிங்கனின் தந்தையைச் சீயமகிபதி என்றும் தாயைச் சீலவதி என்றும் குறிப்பிடுகிறது. தந்தை, மகன் இருவரும் இதே பெயரைக் கொண்டிருந்தனர் என்றும், சோழனைச் சிறைபிடித்தவன் தந்தையே என்றும் அறிஞர் சிலர் கருதுவர். இருவரும் ஒருவரே என்பாரும் உளர்.

சோழ மன்னன் சிறைப்படல்

தெள்ளாற்றில் நடந்த போரில் மூன்றாம் இராசராச சோழன் தோற்றான். அவன் சேந்தமங்கலத்தில் சிறைவைக்கப்பட்டான். இதனை அறிந்த போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோப்பயன் என்னும் தளபதிகளை அனுப்பினான். அவர்கள் காடவர் ஊர்களை அழித்து முன்னேறிச் சேந்தமங்கலத்தை முற்றுகையிட முனைந்தபோது, சோழன் விடுவிக்கப்பட்டான். இச்செய்திகளைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு (1231-32) விரிவாகக் கூறுகிறது. சோழப் பேரரசு அண்டை அரசரின் துணையின்றி நிற்க இயலாத நிலையை அடைந்திருந்தது என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

ஆட்சி

1243ஆம் ஆண்டு முதல் கோப்பெருஞ்சிங்கனின் ஆட்சியாண்டுகள் தனியே கணக்கிடப்பட்டன. சகலபுவனச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை இவன் சூடினான். திருவெண்ணெய்நல்லூர் முதலிய பல ஊர்க் கோயில்களில் இவனது கல்வெட்டுகள் உள்ளன. எனினும், 1251இல் ஆட்சிக்கு வந்த முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு வென்றான். பின்னர் நாட்டை இவனுக்கே திருப்பி அளித்தான். சோழரின் மேலாண்மையை உதறிய காடவர், இவ்வாறு பாண்டியருக்கு அடங்க நேர்ந்தது.

கலைப்பணி

பரதக் கலையிலும் இலக்கியத்திலும் புலமை உடையவனாகக் கருதப்பட்ட இவன், பரதம் வல்ல பெருமாள், சாகித்திய இரத்தினாகரன் என்னும் பட்டங்களைக் கொண்டிருந்தான். சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைக் கட்டியதாகத் திரிபுராந்தகம் கல்வெட்டு கூறுகிறது. பரத நாட்டியக் கரணங்களைக் காட்டும் சிற்பங்கள் அக்கோபுரத்தில் உள்ளன.

இறுதி

இவனது ஆட்சி 1279ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. பிற்காலச் சோழரின் இறுதி மன்னனான மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சியும் அவ்வாண்டிலேயே முடிந்தது. இருவரின் நிலப்பகுதிகளும் பாண்டியர் வசமாயின.