ஆர்னோல்ட் தைலர்

சர் ஆர்னோல்ட் தைலர் (மார்ச் 26, 1867 - ஜூலை 24, 1936) சுவிட்சர்லாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கால்நடை மருத்துவர், ஆய்வாளர். மாடுகளைத் தாக்கும் உண்ணிக் காய்ச்சல்கள் பற்றிய ஆய்வுகளுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். பிரிட்டோரியாவுக்கு அருகிலுள்ள ஒண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வு நிலையத்தை உருவாக்கியவரும், அங்கு அமைந்த கால்நடை மருத்துவப் புலத்தின் முதல் தலைவரும் இவரே. தைலேரியா என்னும் ஒரு செல் ஒட்டுண்ணிப் பேரினம் இவரது பெயரால் வழங்குகிறது.

இளமை

சுவிட்சர்லாந்தின் ஆர்காவு மாநிலத்தில் உள்ள பிரிக் என்னும் ஊரில் பிறந்தார். பெர்ன், சூரிச் நகரங்களில் கால்நடை மருத்துவம் பயின்று 1889இல் தேர்ச்சி பெற்றார். சிறிது காலம் பெரோமூன்ஸ்டரில் தொழில் செய்தபின் 1891இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவால் குடியரசுக்குச் சென்றார். பிரிட்டோரியாவை அடுத்த பண்ணை ஒன்றில் வேலை பார்த்தபோது, தீவனம் நறுக்கும் எந்திரத்தில் சிக்கி இடக்கையை இழந்தார். அதன்பின் அவர் செய்த அறுவைகள், பிணப் பரிசோதனைகள் அனைத்தும் ஒற்றைக் கையால் செய்யப்பட்டவை. 1893இல் ஜோகானசுபர்க் பகுதியில் பெரியம்மை பரவியபோது அதற்கான தடுப்பூசிப் பாலைத் தயாரித்து அளித்ததால் அரசின் கவனத்தைப் பெற்றார்.

வெக்கை நோய்

1896இல் வெக்கை நோய் சாம்பசி ஆற்றைக் கடந்து தெற்கே பரவியது. புலவாயோவுக்கு அனுப்பப்பட்ட தைலர், நேரில் மாடுகளைப் பரிசோதித்து அது வெக்கை நோயே என உறுதி செய்தார். பின்னர் டிரான்சுவாலின் அரசுக் கால்நடை மருத்துவராக அமர்த்தப்பட்டார். கிம்பர்லிக்கு வந்த ராபர்ட் கோக், நோயுற்று இறந்த மாட்டின் பித்தநீரை ஊசி மூலம் செலுத்தும் முறையைப் பரிந்துரைத்தார். தைலரும், நாட்டால் குடியேற்றத்தின் கால்நடை மருத்துவர் எர்பர்ட் வாட்கின்சு-பிட்ச்போர்டும் இணைந்து, நோயிலிருந்து பிழைத்த மாடுகளின் குருதிச் சீரத்தைப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தனர். காலப்போக்கில் சீரம் சார்ந்த முறைகளே நிலைத்தன.

போயர் போரில் தைலர் போயர் தரப்பில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றினார். லேடிஸ்மித் முற்றுகையின்போதும் அவர்களுடன் இருந்தார். எனினும் பிரிட்டோரியாவைக் கைப்பற்றிய பிரித்தானிய நிருவாகம் அவரைப் பணியில் தொடரவிட்டது. அப்போது அவரது ஆய்வுக்கூடம் டாசுபோர்ட்டில் இருந்த தகரக் கட்டடமே.

கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல்

வெக்கை நோயாலும் போராலும் அழிந்த மந்தைகளை ஈடுசெய்யக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மாடுகள் இறக்குமதியாயின. அவற்றுடன் 1901-02 அளவில் புதிய கொள்ளைநோயும் ரொடீசியாவுக்குள் நுழைந்தது. முதலில் பலரும் இதை, ஏற்கெனவே அறிந்திருந்த செந்நீர் நோய் (பபேசியா) எனக் கருதினர். 1903இல் மீண்டும் அழைக்கப்பட்ட கோக், பிழைத்த மாட்டின் குருதியை அடிக்கடி செலுத்திப் பாதுகாப்பு அளிக்கலாம் என்றார். அம்முறை பயனளிக்கவில்லை.

இது தனி நோய் என்பதைத் தைலர் நிறுவினார். குருதியை மாற்றிச் செலுத்தினால் செந்நீர் நோய் எளிதில் தொற்றும். இந்நோய் அவ்வாறு தொற்றவில்லை. சிவப்பணுக்களில் காணப்பட்ட நுண்ணிய ஒட்டுண்ணிக்கு 1904இல் பைரோபிளாசுமா பார்வம் எனப் பெயரிட்டார். 1907இல் போர்த்துக்கேய ஆய்வாளர்கள் அதற்கெனத் தைலேரியா என்னும் பேரினத்தை வகுத்தனர். பழுப்பு நிறக் காது உண்ணியே நோயைக் கடத்துகிறது என்பதைக் கேப் குடியேற்றத்தின் பூச்சியியலாளர் சார்லசு லவுன்சுபரி காட்டினார். தைலரின் சோதனைகளும் அதை உறுதி செய்தன. தமிழகக் கலப்பினப் பசுக்களில் காணப்படும் தைலேரியா காய்ச்சல் இதே பேரினத்தைச் சேர்ந்த தைலேரியா ஆனுலேட்டா என்னும் வேறோர் இனத்தால் வருவது.

நோயின் பெயரைத் திருத்தியது ஏட்டளவிலான செய்தி அன்று. மருத்துவமே அதனால் மாறியது. ஊசியை விட்டு உண்ணியை ஒழிப்பதே வழி என்றாயிற்று. ஆர்சனிக் கரைசல் நிரப்பிய தொட்டியில் மாடுகளை முழுக்கி எடுக்கும் முறை பரவியது. காது உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை வெவ்வேறு விலங்குகளின்மேல் ஏறி, சில நாட்கள் குருதி குடித்துவிட்டுக் கீழே விழுந்துவிடும். எனவே நீண்ட இடைவெளியில் முழுக்கினால் பல உண்ணிகள் தப்பிவிடும். கரைசலின் வலிமையைக் கூட்டினாலோ மாட்டின் தோல் புண்ணாகும். வலிமை குறைந்த கரைசலில் சில நாட்களுக்கு ஒருமுறை முழுக்கும் முறையை வாட்கின்சு-பிட்ச்போர்டு வகுத்தார். இக்கணக்கைப் புரிந்துகொண்ட களப்பணியாளர் இல்லாத இடங்களில் தொட்டி இருந்தும் நோய் நின்றது. வேலியிடுதல், நடமாட்டத் தடை, மந்தைகளை அழித்தல் ஆகியவற்றுடன் சேர்ந்து இம்முறை 1950களில் தென்னாப்பிரிக்காவில் நோயை ஒழிக்க உதவியது.

கட்டாய முழுக்கு ஆப்பிரிக்க மாடு வளர்ப்போர்மீது வரியும் கட்டுப்பாடும் சுமத்தியது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1914இல் கிழக்குக் கிரிக்குவாலாந்தில் மக்கள் கிளர்ந்தெழுந்து மருந்துத் தொட்டிகளைத் தகர்த்தனர்.

அனபிளாசுமா

1910இல் தைலர், மாட்டின் சிவப்பணுக்களின் ஓரத்தில் காணப்பட்ட புள்ளிகள் தனியான நோய்க்கிருமி எனக் கூறி அனபிளாசுமா மார்ஜினேல் எனப் பெயரிட்டார். அடுத்து, அணுவின் நடுப்பகுதியில் காணப்படும் வீரியம் குறைந்த வகையைப் பிரித்தெடுத்தார். அனபிளாசுமா சென்ட்ரேல் எனப்படும் அவ்வகையை உயிருள்ள தடுப்பூசியாக மாடுகளுக்குச் செலுத்தினால் கடும் நோயிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் ஆத்திரேலியா, இசுரேல், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் இத்தடுப்பூசி பயன்பாட்டில் உள்ளது. ஆப்பிரிக்கக் குதிரை நோய், ஆடுகளின் நீலநாக்கு நோய் ஆகியவற்றுக்கான தடுப்பு முறைகளிலும் உழைத்தார்.

லாம்சீக்டே

மேய்ச்சல் மாடுகள் கால் முடங்கி இறக்கும் இந்நோய் தைலரை நெடுங்காலம் அலைக்கழித்தது. நச்சுத் தாவரமே காரணம் என அவரும் பல ஆண்டுகள் கருதினார். 1919இல் விரைபர்க் அருகே ஆர்மூட்சுவிளாக்டே பண்ணையில் தங்கி, தம் குழுவினருடன் மாடுகளைத் தொடர்ந்து கவனித்தபோது தம் முந்தைய கருத்தைக் கைவிட்டார். அப்பகுதி மண்ணிலும் புல்லிலும் பாசுபரசு குறைவு. அக்குறையால் மாடுகள் புல்வெளியில் கிடக்கும் எலும்புகளைத் தேடிக் கடித்தன. அழுகிய பிணங்களின் எலும்புகளில் போட்டுலினம் வகை நஞ்சு இருந்தது, அதுவே முடக்கியது. மருந்து என்று கொடுத்தது எலும்புத் தூளே. அதைத் தின்ற மாடுகள் எலும்பு கடிப்பதை விட்டன. உடல் எடையும் கூடியது.

ஒண்டர்ஸ்டெபோர்ட்

1908இல் ஆய்வுக்கூடம் ஒண்டர்ஸ்டெபோர்ட்டுக்கு மாறியது. தடுப்பு மருந்துகளை அங்கேயே தயாரித்து நாடெங்கும் அனுப்பினர். நிலையத்தின் விரிவான ஆய்வறிக்கைகள் தொலைவிலிருந்த களமருத்துவர்களுக்குப் பாடநூல் போல் பயன்பட்டன. 1933 முதல் நிலையத்தின் பெயரில் ஆய்விதழும் வெளிவந்தது. அதுவரை கால்நடை மருத்துவம் கற்க விரும்பிய தென்னாப்பிரிக்கர் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. அங்குக் கற்ற பாடத்தில் ஆப்பிரிக்க உண்ணி நோய்களுக்கு இடம் குறைவு. இக்குறையைப் போக்கக் கல்வியையும் ஆய்வையும் ஒரே வளாகத்தில் வைக்கவேண்டும் எனத் தைலர் வலியுறுத்தினார். 1920இல் கால்நடை மருத்துவப் புலம் அங்குத் தொடங்கியது. முதல் மாணவர்கள் 1924இல் பட்டம் பெற்றனர். அது பல பத்தாண்டுகள் வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்தது.

இறுதிக் காலம்

1914இல் சர் பட்டம் பெற்றார். 1927இல் ஓய்வு பெற்றபின் 1928இல் ஆத்திரேலியா சென்று மேய்ச்சல் நிலங்களின் தாதுக் குறைபாடு பற்றி ஆலோசனை வழங்கினார். எலும்பு நோய்கள் குறித்த ஆய்வையும் தொடர்ந்தார். 1936இல் லண்டனில் காலமானார்.

மனைவி எம்மா யேகே. மகள் கெர்ட்ரூட் தைலர் ஆப்பிரிக்க உண்ணிகளை வகைப்படுத்திய ஆய்வாளர். 1899இல் பிரிட்டோரியாவில் பிறந்த மகன் மாக்ஸ் தைலர், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.