செல்வாக்கிலும் சிறையிலும்

நம்மில் பலருக்குக் கஷ்ட காலத்தில்தான் அல்லாஹ்வின் நினைவு வருகிறது. வியாபாரம் நொடித்தால் தஸ்பீஹ் மணி கையில் ஏறுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தஹஜ்ஜுதுக்கு விழிப்பு உண்டாகிறது. நிலைமை சீரானதும் ஸுபுஹுத் தொழுகையே களாவாகி விடுகிறது. வேறு சிலர் இதற்கு நேர்மாறு. வசதியாய் இருக்கும்வரை வணக்கசாலிகள். ஒரு சோதனை வந்துவிட்டால் மனம் வெறுத்துப் பள்ளிவாசல் பக்கமே திரும்புவதில்லை. இவ்விரு சாராருக்கும் படிப்பினையாக அமைந்துள்ளது, மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்களின் வாழ்க்கை.

1851இல் பரேலியில் பிறந்தார்கள். தந்தை மௌலானா ஜுல்பிகார் அலீ அவர்களும் சிறந்த ஆலிம். 1866இல் தேவ்பந்தில் ஒரு மாதுளை மரத்தடியில் மதரஸா தொடங்கப்பட்டபோது, அதன் முதல் மாணவராக அமர்ந்தவர்கள் இவர்களே. பின்னாளில் அங்கேயே ஆசிரியராகித் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்கள். அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்), அன்வர் ஷாஹ் காஷ்மீரி (ரஹ்) போன்ற மேதைகள் இவர்களிடம் ஓதியவர்கள். நாடெங்கும் மரியாதை, சொன்னால் கேட்கப் பல்லாயிரம் பேர். ஆயினும் பகலில் ஹதீஸ் பாடம், இரவில் வணக்கம், இடையில் குர்ஆன் என்ற ஒழுங்கு மாறவில்லை. குர்ஆனை உர்துவில் மொழிபெயர்க்கும் பணியையும் அந்நாட்களிலேயே தொடங்கியிருந்தார்கள்.

1915இல், ஆங்கில ஆட்சிக்கு எதிரான முயற்சிகளின் தொடர்பில் ஹிஜாஸ் சென்றார்கள். மறு ஆண்டு மக்காவின் ஆட்சியாளர் ஷரீஃப் ஹுஸைன் ஆங்கிலேயருடன் சேர்ந்து துருக்கிய கிலாஃபத்துக்கு எதிராகக் கிளர்ந்தார். துருக்கியரைக் குறைகூறும் ஃபத்வாவில் கையெழுத்து கேட்கப்பட்டது. மௌலானா மறுத்துவிட்டார்கள். கையெழுத்திட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். ஆனால் மார்க்கத்தை விலைபேச அவர்கள் மனம் ஒப்பவில்லை. கைது செய்யப்பட்டு எகிப்து வழியாக மால்டா தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1917 பிப்ரவரியில் அங்கே போய்ச் சேர்ந்தபோது வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

அந்நிய நாடு, கடுங்குளிர், ஜெர்மானியரும் துருக்கியருமான போர்க்கைதிகள் நிறைந்த முகாம். ஊர் திரும்புவோமா என்பதே தெரியாத நிலை. உடன் சிறைப்பட்ட ஹகீம் நுஸ்ரத் ஹுஸைன் அவர்கள் அங்கேயே வஃபாத்தாகி அடக்கமானார்கள். அந்த நிலையிலும் மௌலானாவின் இரவு வணக்கம் நிற்கவில்லை. முடிக்காதிருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பை எடுத்து, சிறையிலேயே முடித்தார்கள். உடனிருந்த மாணவர் மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) அவர்கள் அந்தத் தீவில் குர்ஆனை மனனம் செய்து ஹாபிஸானார்கள். பூட்டிய இடமே மதரஸாவாயிற்று!

சுமார் மூன்றாண்டுகளுக்குப் பின் 1920இல் விடுதலையானார்கள். அவ்வாண்டு ஜூனில் பம்பாயில் இறங்கியபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். ஷைகுல் ஹிந்த் என்ற பட்டமும் கிடைத்தது. மீண்டும் செல்வாக்கு! ஆனால் அவர்கள் தம் துன்பத்தைச் சொல்லி அனுதாபம் தேடவில்லை. முஸ்லிம்களின் வீழ்ச்சிக்குக் காரணம் குர்ஆனைக் கைவிட்டதும் தமக்குள் பிளவுபட்டதுமே என்று தாம் சிறையில் சிந்தித்துக் கண்டதாகவும், இனி ஊர்தோறும் குர்ஆன் கல்வியைப் பரப்பவே தம் எஞ்சிய ஆயுள் என்றும் ஆலிம்களிடம் தெரிவித்தார்கள். கடும் நோயிலும் அக்டோபரில் அலிகர் சென்று ஜாமிஆ மில்லிய்யாவின் தொடக்க விழாவில் கலந்துகொண்டார்கள். 1920 நவம்பர் 30ஆம் நாள் டில்லியில் வஃபாத்தானார்கள். தேவ்பந்தில் அடக்கமாகியுள்ளார்கள்.

சகோதர சகோதரிகளே! மால்டாவில் அவர்களுக்குத் துணை நின்ற வணக்கம் மால்டாவில் தொடங்கியதன்று. தேவ்பந்தின் நல்ல நாட்களிலேயே வேரூன்றியது. நமக்கும் இதுவே வழி. உடலில் தெம்பும் வீட்டில் நிம்மதியும் இருக்கும் இன்றே, தினம் ஒரு பக்கமாயினும் குர்ஆன், இரண்டு ரக்அத்தாயினும் நஃபில் என்று ஒரு சிறு அமலை விடாது பற்றிக்கொள்வோம். நல்ல நாளில் ஷுக்ரும் கெட்ட நாளில் ஸப்ரும் நமக்கு வாய்க்க அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.