முதல் பெண் உறுப்பினர் முத்துலட்சுமி அம்மையார்

சட்டம் இயற்றும் அவைகளில் அமர்ந்தோர் பலர். தம் தாய்வழிக் குலத்தின் பழந்துயரை அவையின் வினாவாக்கி, அதற்குச் சட்டத்தால் விடை தேடியோர் மிகச் சிலர். அச்சிலருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துள் உறுப்பினராக நுழைந்த முதற்பெண் அவரே. அவையில் அவர் இருந்த காலம் நான்காண்டுக்கும் குறைவு. எனினும் அவர் எழுப்பிய வினா அவர் வெளியேறிய பின்னும் பல்லாண்டு அவ்வவையை விட்டு அகலவில்லை.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, மன்னர் கல்லூரியின் முதல்வர், அந்தணர். தாயார் சந்திரம்மாள், கோயிற்பணிக்கெனப் பொட்டுக்கட்டும் வழக்கமுடைய குலத்தில் வந்தவர். இத்திருமணத்தை உற்றார் ஏற்கவில்லை. இரு குலத்தின் நடுவே வளர்ந்த அச்சிறுமிக்குக் கல்வி ஒன்றே தனக்கென அமைந்த இடமாயிற்று.

ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் ஒரு பெண் சேர்வதைப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளிக்க, அம்மையார் அங்கே பயின்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பயின்ற முதற்பெண் அவரே எனக் கூறுவாருளர். 1870களிலேயே மேரி சார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி அங்கே பயின்றுள்ளார். ஆதலின் அக்கூற்று பொருந்தாது. அதனால் அம்மையார் பெருமை குன்றுவதும் இல்லை.

1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் ஆகாது என்பன அவர் மணத்திற்கு முன் விதித்த நிபந்தனைகள். ரெட்டியார் அவற்றை ஏற்றார், ஏற்றவாறே வாழ்ந்தார்.

அவையில் அம்மையார்

1926இல்தான் சென்னை மாகாணத்தில் பெண்கள் சட்டமன்ற உறுப்பினராகத் தடை நீங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா சிறிய வேறுபாட்டில் தோற்றார். பின்னர் அரசு அம்மையாரை நியமன உறுப்பினராக்கியது. அவையோர் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர்.

நியமனம் பெற்றவர் அரசின் நிழலில் அமைதியாக அமர்ந்திருக்கலாம். அம்மையார் அவ்வாறு இருந்தாரல்லர். மணவயது பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என உயரவேண்டும் என்னும் தீர்மானத்தை அவையில் கொணர்ந்தார். 1929இல் வந்த சாரதா சட்டம் 14, 18 என்ற அளவிலேயே நின்றதை நோக்க, அவர் காலத்தை எத்துணை முந்திச் சிந்தித்தார் என்பது புலனாகும்.

அவர்தம் பெரும்போர் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் மீதானது. 1927இல் அதனை ஒழிக்கப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை அவை ஏற்றது. ஆனால் அம்மையார் வேரின் இருப்பிடம் அறிந்தவர். கோயிற்பணிக்கு ஈடாகப் பெண்டிர் மானிய நிலம் துய்த்தனர். நிலம் இழப்போம் என்னும் அச்சமே அடுத்த தலைமுறைச் சிறுமியையும் பணிக்குள் தள்ளியது. ஆகவே, பணியினின்று விடுபட்டாலும் நிலம் அவர்களுக்கே உரியதாகுமாறு 1929இல் அறநிலையச் சட்டத்தில் திருத்தம் நிறைவேறச் செய்தார். நோய்முதல் நாடும் மருத்துவர் அறிவு இங்கே சட்டமாயிற்று எனலாம்.

எதிர்ப்பு இருபுறமும் எழுந்தது. சமயமரபு கெடும் என்றனர் ஒரு சாரார். அக்குலத்துப் பெண்டிரே சங்கமாகக் கூடி, தம் சொத்தும் கலையும் மானமும் அழியும் என அரசுக்கு விண்ணப்பித்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞரும் அவர்தம் பக்கம் நின்றனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அக்குலத்தில் வளர்ந்து, அவ்வழக்கத்தை எதிர்த்து ஊர்தோறும் முழங்கினார். 1932இல் சதிராட்டம் குறித்து முத்துலட்சுமி அம்மையாருக்கும் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் நாளேடுகளில் நிகழ்ந்த சொற்போர் கலையுலகம் நன்கறிந்தது. ஆடற்கலை பிழைத்தது, ஆயின் அதனை வழிவழிக் காத்த பெண்டிர் பலர் அரங்கினின்று அகன்றனர். இவ்விழப்பையும் சேர்த்தெண்ணுதலே வரலாற்றுக்கு நேர்மையாகும்.

பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவை 1930இல் அம்மையார் கொணர்ந்தார். அவ்வாண்டு காந்தியடிகள் சிறைப்பட்டதும் பதவியைத் துறந்தார். மசோதாவின் தாய் அவையில் இல்லை, மசோதா தேங்கியது. தம் வாழ்நாள் வேட்கை கைகூடும் வேளையில் பதவியை விடுதல் எளிதன்று. அஃது இறுதியில் சட்டமானது 1947இல், ஓமந்தூரார் முதலமைச்சராக இருந்தபோது.

அவ்வை இல்லமும் அடையாறு மருத்துவமனையும்

சட்டம் வரும்வரை சிறுமியர் காத்திருக்க இயலுமோ? அக்குலத்திலிருந்து வெளியேறி வந்த சிறுமியர்க்கு விடுதிகள் கதவடைத்தன. அம்மையார் தம் இல்லக் கதவைத் திறந்தார். 1930இல் தோன்றிய அவ்வை இல்லம் அவ்வாறு முளைத்ததே. ஆதரவற்ற பெண்மக்களின் புகலிடத்துக்குத் தமிழ்ப் பெண்பாற் புலவரின் பெயரைச் சூட்டியமை நம் போன்ற இலக்கிய அமைப்பினர் நெஞ்சிற் கொள்ளற்பாலது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரும் அவரிடம் தொண்டாகவே மாறியது. அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளுடன் அது பணி தொடங்கியது. மகனார் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் சாந்தாவும் அதனை ஆலமரமாக வளர்த்தனர்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் மறைந்தார்.

நிறைவுரை

தமக்கு நேர்ந்த இழிவையும் இழப்பையும் புலம்பலாக்காமல், ஒன்றைச் சட்டமாகவும் மற்றொன்றை மருத்துவமனையாகவும் மாற்றியவர் முத்துலட்சுமி அம்மையார். அவையில் அவர் இருக்கை நான்காண்டில் ஒழிந்தது. அவர் திறந்த கதவுகளோ இன்றும் திறந்தே உள்ளன.