சிவஞான முனிவர்

தமிழிலக்கணத்தையும் தருக்கத்தையும் ஒருங்கே பயில விழையும் மாணவர் அறிய வேண்டிய பெரியாருள் சிவஞான முனிவர் தலைசிறந்தவர். இவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் ஆனந்தக்கூத்தர்க்கும் மயிலம்மையார்க்கும் மைந்தராய்த் தோன்றினார். பிள்ளைப்பெயர் முக்களாலிங்கர். பள்ளியினின்றும் மீளும் வழியில் திருவாவடுதுறைத் துறவியரைக் கண்டு, தம் இல்லத்திற்கு அழைத்து அமுது செய்வித்து, பின் அவர்களுடனே சென்றார் என்பர். ஆதீனத்தில் வேலப்ப தேசிகரை அடைந்து துறவு பூண்டு, தமிழும் வடமொழியும் ஐயமறக் கற்றார்.

வடமொழி அறியாதாரும் தருக்கம் பயிலுமாறு, அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகத்தையும் அதன் உரையையும் இவர் தமிழாக்கினார். அந்நூல் கூறும் அனுமானம் ஐந்து உறுப்புடையது. அதனை நம் நாட்டு மலையொன்றில் வைத்துக் காண்போம்.

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்குங்கால் கல்வராயன் மலைமேற் புகை எழுகின்றது என்று கொள்வோம். மலை நெருப்புடையது என்பது மேற்கோள். புகையுடைமையான் என்பது ஏது. புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு, அடுக்களை போல என்பது எடுத்துக்காட்டு. இம்மலையும் அத்தகைய புகையுடையது என்பது உபநயம். ஆதலின் நெருப்புடையது என முடித்தல் நிகமனம். இலக்கணத்தாற் பிரிப்பின், மலை எழுவாய்; நெருப்புடையது பயனிலை; புகையுடைமையான் என்பதன் ஈற்று ஆன், ஏதுப்பொருளில் வந்த மூன்றாம் வேற்றுமையுருபு. எழுவாய் பக்கமாகவும், பயனிலை துணிபொருளாகவும், உருபேற்ற சொல் ஏதுவாகவும் நிற்றல் காண்க. இனி, மார்கழி விடியலில் யாம் கண்டது புகையன்று, பனிமூட்டமே எனின், ஏது மலைமேல் இல்லை, நிகமனமும் நில்லாது. இதனை அசித்தம் என்னும் ஏதுப்போலி என்பர்.

இம்முறையை முனிவர் இலக்கணத்திலும் ஆண்டார். தொல்காப்பியப் பாயிரத்திற்கும் முதற் சூத்திரத்திற்கும் விருத்தி எழுதி, சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலியோர் உரைகளையும் ஏதுக் காட்டி மறுத்தார். சங்கர நமச்சிவாயரின் நன்னூலுரையைத் திருத்தினார். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து எழுந்த சூறாவளி, பெயருக்கேற்பக் கடுமையும் உடையது. அக்கடுமையை யாம் பின்பற்ற வேண்டுவதில்லை; அதன்கண் உள்ள ஆராய்ச்சியைப் பின்பற்றுதல் தகும்.

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதச் சூத்திரம் 12-ஐயும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என வகுத்து விளக்கினார். அந்நூலுக்கு முனிவர் இயற்றிய மாபாடியம் அவர்தம் புலமையின் முடியாகும். கச்சியப்ப முனிவர் முதலிய மாணாக்கரை உருவாக்கி, 1785-இல் திருவாவடுதுறையில் மறைந்தார்.

கிறித்தவராகிய யாம் இவர்தம் சமய முடிபுகள் பலவற்றினின்றும் வேறுபடுகின்றோம். எனினும், நம் சொற்போர் மன்றங்களில் சொன்னவர் யார் என்று நோக்கிக் கைதட்டுகின்றோமேயன்றி, சொன்னதற்கு ஏது யாது என்று வினவுவார் சிலரே. பழைய உரையாசிரியர்பால் பேரன்பு பூண்டும் அவர் பிழையெனக் கண்டதை மறையாது உரைத்தவர் இம்முனிவர். அவரோடு மாறுபடுங்காலும் அவர் காட்டிய நெறியானே மாறுபடுதல் நமக்கு அழகாம்.