ஒலியை ஆராய்ந்த இராமன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

சர் சி. வி. இராமன் என்றதும் நம் உள்ளத்தில் தோன்றுவன கடலின் நீலமும், ஒளிச்சிதறலும், நோபல் பரிசும்தாம். ஆனால் ஒளியிலே உலகப் புகழ் பெறுவதற்கு முன், அவர் பல ஆண்டுகள் ஒலியோடு உறவாடினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நானும் சென்ற ஆண்டு வரை அறியாதவனே.

ஒருநாள் எங்கள் பேராசிரியர் மேனாட்டுச் சேர்ந்திசைக் குறுந்தகடு ஒன்றை வகுப்பில் ஒலிக்கச் செய்தார். பல வயலின்கள் ஒன்றாய் இழைய, பின்னாலிருந்து பெருமுரசுகள் அதிர்ந்தன. 12 செண்டிமீட்டர் விட்டமுள்ள அத்தகடு, ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து, அவ்வளவையும் நுண்ணிய குழிகளாகப் பதித்து வைத்திருக்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த இந்தத் தகடு அலையின் வடிவத்தை மட்டுமே காக்கும். அந்த அலை ஏன் அவ்வடிவில் எழுகிறது என்று சொல்லாது. வயலினிலும் முரசிலும் அதைத் தேடியவர் ஒரு தமிழர் என்று பேராசிரியர் கூறியபோது வகுப்பே வியந்தது. அந்த வியப்பின் விளைவே இக்கட்டுரை.

இளமையும் கல்வியும்

இராமன் 1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்தில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். வயலின் வாசிக்கவும் வல்லவர். ஆக, இயற்பியலும் இசையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த வீடு அது. இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-இல் பி.ஏ. தேர்வில் முதல்வராகத் தேறித் தங்கப்பதக்கமும் பெற்றார். 18-ஆம் வயதில் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை இலண்டன் ஏடொன்றில் வெளிவந்தது. 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டில் உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் வீணை வாசிப்பவர்.

அலுவலகமும் ஆய்வும்

அந்நாளில் அறிவியல் படித்தவருக்கு அதிலே பிழைப்பு இல்லை. எனவே இராமன் நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்று, கல்கத்தாவில் கணக்குத்துறை அதிகாரியானார். பகலெல்லாம் கணக்கேடுகள்! வேறொருவராயின் அதோடு நின்றிருப்பார். ஆனால் அவர் பௌபஜார் தெருவில், 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைக் கண்டார். அலுவலகத்துக்கு முன் காலையிலும், அலுவலகம் விட்டபின் இரவிலும் அங்கே உழைத்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லை. எனவே இசைக்கருவிகளே அவருடைய ஆய்வுக் கருவிகளாயின.

வயலின் நரம்பை வில் உரசும்போது அது எவ்வாறு அசைகிறது என்பதைக் கணிதத்தால் விளக்கி 1918-இல் ஒரு நூலே எழுதினார். வில்லை அசையாமல் நிறுத்தி, வயலினையே முன்னும் பின்னும் நகர்த்தும் பொறியொன்றையும் அமைத்தார். குதிரைக்கு அருகே செல்லச் செல்ல வில்லை ஏன் அதிகமாக அழுத்த வேண்டும் என்பதை அதன் மூலம் அளந்து காட்டினார். வீணை, தம்பூரா ஆகியவற்றின் வளைந்த குதிரை, மேனாட்டு விதிப்படி எழக்கூடாத மேற்சுரங்களையும் எழுப்புகிறது என்று கண்டவரும் அவரே.

மிருதங்கத்தின் மறைபொருள்

இனி மிருதங்கத்துக்கு வருவோம். சாதாரண வட்டத்தோலைத் தட்டினால் எழும் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கின்றி அமையும். அதனால்தான் அதில் ஓசை உண்டு, சுரம் இல்லை. சேர்ந்திசையின் பெருமுரசு, தோலோடு சேர்ந்தசையும் காற்றின் சுமையால் ஓரளவு சுரம் பெறுகிறது. மிருதங்கமோ வேறு வழியில் சென்றது. வலந்தலையின் நடுவே வைக்கும் கரிய கரணை, தோலின் எடையை மையத்தில் கூட்டுகிறது. இதனால் முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து முழுமடங்குச் சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன! தோலின்மீது மெல்லிய மணலைத் தூவி, அசையாத கோடுகளில் மணல் ஒதுங்குவதைக் கொண்டு இராமன் இதை நிலைநாட்டினார். 1920-இல் வெளிவந்த இதன் முதற்குறிப்பை 1934-இல் விரித்தெழுதினார்.

புகழின் உச்சி

1917-இல் அசுதோஷ் முகர்ஜி அழைக்க, அதிகச் சம்பளம் தந்த அரசுப் பதவியைத் துறந்து, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1921-இல் இங்கிலாந்து சென்றபோது, செயின்ட் பால் தேவாலயக் கோபுரத்தில் முணுமுணுப்பு சுவரோரமாய்ப் பரவும் விந்தையை ஆராய்ந்தார். அப்பயணத்தில் கண்ட மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின்பால் ஈர்த்தது. கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு கிட்டியது. 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1948-இல் தம் பெயரால் ஆய்வுநிலையம் அமைத்தார். 1954-இல் பாரத ரத்னா பெற்றார். 1970 நவம்பர் 21-இல் மறைந்தார்.

பெரியோரிடத்தும் குறை உண்டு. 1933-இல் கமலா பாக்வத் என்ற மாணவி ஆராய்ச்சிக்கு இடம் கேட்டபோது, பெண் என்பதால் முதலில் மறுத்தார். அம்மையார் விடாது போராடி, நிபந்தனைகளோடு இடம்பெற்று, தம் உழைப்பால் அவர் எண்ணத்தை மாற்றினார். பின்னர் இராமன் மாணவியரையும் சேர்த்துக்கொண்டார். இதை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது அறிவியலுக்கு அழகன்று.

முடிவுரை

என்னைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு வேலை பார்ப்பவர். தாத்தாவோ திருப்பாச்சூர்ச் சுற்றுவட்டாரத்தில் தெருக்கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர். கரணையையும் அவரே வைப்பார். ஒரு பூச்சுப் பூசி, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மீண்டும் பூசுவார். தட்டிப் பார்த்துத் தலையசைத்தால்தான் அடுத்த பூச்சு. ஏன் இப்படி என்று கேட்டால், அவர் ஆசான் அப்படித்தான் செய்தார் என்பார். படிக்காதவர் வேலை என்று நானும் அதைத் தாழ்வாகவே எண்ணியிருந்தேன். ஊர்ப் பெயரையும் தாத்தாவின் தொழிலையும் விடுதியில் சொல்லக் கூசினேன்.

இக்கட்டுரைக்காகப் படித்தபின், பரணிலிருந்த அவருடைய மிருதங்கத்தை இறக்கி, வலந்தலையில் மணலைத் தூவித் தட்டினேன். மணல் ஓடிக் கோடாய் நின்றது. பெயர் தெரியாத எத்தனையோ கைகள் காதாலேயே கண்டுபிடித்ததை, இராமன் அளந்து உலகுக்குச் சொன்னார். கண்டவரும் பெரியர், காரணம் சொன்னவரும் பெரியர். தாத்தா இன்று இல்லை. இருந்திருந்தால், அவர் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

மாணவ நண்பர்களே! நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் காரணம் கேட்கப்படாத வேலைகள் இன்னும் எத்தனையோ உள்ளன. பெரிய கருவிகள் வரட்டும் என்று காத்திராமல், கையிலிருப்பதைக் கொண்டு ஏன் என்று கேட்போம். இராமனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.